பேர் வெட்டிய கார்

கனகத்தின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஊருக்கெல்லாம் பேர் ஒட்டிக் கொடுப்பவளுக்குத் தன் பேரை ஒட்ட நேரமில்லை என்று சுதாகர் கிண்டல் செய்வான். வடக்குத்துக் கிராமத்தில் அவனுடைய ஒர்க்‌ஷாப்பை ஒட்டினாற்போல் ஒரு தகர ஷெட், அதுதான் கடை. பழைய கார்களைப் பிரித்துப் பூட்டுவது அவன் வேலை. வெடித்த பிளாஸ்டிக் குமிழ், வெளுத்துப்போன லேபிள், எழுத்து தேய்ந்த சுவிட்ச் எல்லாம் கனகத்திடம் வந்துவிடும். கிடைக்கிற சாமானை வரவழைத்து மாட்டுவாள், கிடைக்காததை அச்சில் வார்ப்பாள், எழுத்தை மிஷினில் வெட்டி ஒட்டுவாள்.

அன்று காலை சுதாகர் ஒரு வெள்ளை பியட்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். கனகம் நம்பரைப் பார்த்தாள். கையிலிருந்த டீ அப்படியே ஆறிப்போயிற்று.

"யாரு வண்டிடா இது?"

"ஜெயராமன்னு ரிட்டயர்டு ஆபீசருக்கா. மைன்ஸ்ல இருந்தவரு, இப்ப பாண்டியில வூடு கட்டிகினு போய்ட்டாரு. பொண்ணுக்கு இங்க டவுன்ஷிப்லதான் கல்யாணம். மாப்ள பழைய கார்னா உசுர வுடுவாராம், அதான் இத்தயே சீரா குடுக்கறாரு. பழைய பிளாஸ்டிக் ஒண்ணு பாக்கி இல்லாம மாத்தணும்னு சொல்லிட்டாரு. அவரு மொத சம்பளத்துல வாங்கன வண்டியாம்."

கனகம் ஆறின டீயை மண்ணில் ஊற்றினாள். முதல் சம்பளமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம், இந்த மனுஷன் ஒரு காரையே மறைத்துவிட்டான்.

அது அவளுடைய சீர், ஜெயராமனைக் கட்டியபோது வந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் அவளுடைய அப்பா அய்யனார் முந்திரித் தோப்பை விற்று வாங்கியது. டவுன்ஷிப் மாப்பிள்ளை, பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு என்ற பூரிப்பில் ஆர்.சி. புத்தகத்தையும் மாப்பிள்ளை பேரிலேயே போட்டுவிட்டார். ஆனால் அவர்கள் ஊர்ப் பக்கத்தில் பேர் வெட்டாமல் எந்தச் சீர்ச் சாமானும் படி தாண்டாது. குத்துவிளக்கிலிருந்து கரண்டிவரை சின்ன உளியால் புள்ளிபுள்ளியாய்ப் பேர் விழுந்தாக வேண்டும். அய்யனார் காரை மட்டும் சும்மா விடுவாரா? மறுவீட்டுக்கு வந்தபோது, "கார்லயும் பேரு வெட்டச் சொல்லிட்டேம்மா, பாத்தியா?" என்று ஆசையாய்க் கேட்டார். அவள் தேடிப் பார்த்திருந்தாள், கண்ணில் படவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, "பாத்தேம்ப்பா" என்று சொல்லிவைத்தாள். எங்கே என்று கேட்பதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முந்திரித் தோப்புக்காரன் மகள் ஆபீசர் வீட்டுக்கு லாயக்கில்லை என்று ஜெயராமனுக்குத் தெரிய நாலு வருஷம் ஆயிற்று. தோப்பு விற்ற கார் மட்டும் முதல் நாளே லாயக்காயிருந்தது. பிரிவினைப் பேச்சு குவார்ட்டர்ஸ் வாசலில் நடந்தது. வழக்கம்போல, பேர் பார்த்துச் சாமானைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஜெயராமன் ஒவ்வொன்றாய் வாசித்து அவள் காலடியில் எறிந்தான். கடைசியாக அவள் காரைக் கேட்டாள்.

"பேரு இருக்கா? இருந்தா எடுத்துக்க. நான் வேணாம்னு சொல்லல."

அவள் கதவைத் திறந்து பார்த்தாள். பானெட்டைத் தூக்கினாள். டிக்கியில் தலையை விட்டாள். புடவையோடு மண்ணில் படுத்து அடியிலும் பார்த்தாள். காருக்குப் போய் எவன் பேர் வெட்டுவான் என்று யாரோ சொல்ல, அந்தக் குவார்ட்டர்ஸ் பிளாக்கே சிரித்தது. ஜெயராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

இப்போது அதே கார் அவளிடமே பிளாஸ்டிக் மாற்ற வந்து நிற்கிறது. முதலில் குமிழ்களைக் கழற்றினாள். பிறகு கதவுக் கைப்பிடிகள். மூன்றாம் நாள் டேஷ்போர்டுக்கு வந்தாள். இடப்பக்கப் பெட்டிக்கு மேலே, வெயிலில் வெடித்த பழுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று குறுக்கே ஓடியது. இந்தத் தொழிலுக்கு வந்தபின் அவள் எத்தனையோ பியட் பார்த்திருக்கிறாள். எதிலும் இந்த இடத்தில் பட்டை இருந்ததில்லை. இது கம்பெனி போட்டதல்ல, எவனோ பிறகு அடித்தது. திருப்புளியால் இரண்டு திருகையும் எடுத்தாள். பட்டை நொறுங்கி மடியில் விழுந்தது.

தகட்டில் புள்ளிபுள்ளியாய் எழுத்து. 'மகள் கனகத்துக்கு அய்யனார் சீர்.' ஜெயராமன் ஒரு திருகை அவள் அப்பாவின் பேரைத் துளைத்தே இறக்கியிருந்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் மண்ணில் படுத்துத் தேடியபோது அவனுக்கு இடம் தெரியும். தெரிந்துகொண்டே கையைக் கட்டி நின்றான். இத்தனை வருஷமும் தன்னை ஏமாந்தவள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போதுதான் அவனை முழுசாக வெறுத்தாள், வெறுக்க வெறுக்க உடம்புக்குத் தெம்பாயிருந்தது.

சுதாகரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அந்த எடத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்காருக்கா. 'அன்பு மகள் ஹரிணிக்கு அப்பா ஜெயராமன் சீர்'னு, தங்கக் கலர்ல."

"ஒட்டிட்டாப் போச்சு" என்றாள் கனகம்.

புள்ளிகளுக்குள் சிவப்புப் பெயின்ட்டை நிரப்பிக் காயவிட்டாள். பிறகு அடி தெரியாத கறுப்பு பிலிமில் தங்க எழுத்து வைத்து ஸ்டிக்கரை வெட்டினாள். அதன் அடியில் பசை வைக்கவில்லை. மேலே வரும் கண்ணாடி போன்ற பாதுகாப்புத் தாளில்தான் அதை ஒட்டினாள், அந்தத் தாளின் நாலு ஓரத்தை மட்டும் டேஷ்போர்டில் பதித்தாள். பார்வைக்கு எல்லாம் கச்சிதம். தாளை உரித்தால் தங்கமும் கூடவே வந்துவிடும்.

அந்தப் பெண் ஹரிணி என்ன பாவம் செய்தாள் என்று ஒரு யோசனை வந்தது. வந்ததை அவள் துரத்தவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை.

"தாலி ஏறனப்புறம் சீரு பாக்கற நேரத்துல பொண்ணு கையால உரிக்கணும், அதான் ராசின்னு சொல்லிடு. முன்னாடி யாரும் கைய வைக்கக்கூடாது."

"எனக்குத்தான் பேரு கெட்டுப்பூடும்க்கா."

"உனக்கென்னடா? பழைய பிளாஸ்டிக் ஒண்ணு பாக்கி இல்லாம மாத்தச் சொன்னாரு. மாத்திட்ட."

கார் எடுக்க வந்தபோது ஜெயராமன் தங்க எழுத்தைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான் என்று சுதாகர் வந்து சொன்னான். பட்டை எங்கே என்று கேட்கவே இல்லையாம். ஒளித்தவனுக்கு மறந்துபோகும். தேடியவளுக்கு மறக்காது.

கல்யாணத்தன்று கனகம் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, ஒரு துணிப்பையோடு மண்டப வாசலில் கூட்டத்தின் பின்னால் நின்றாள். கார் மாலை போட்டு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா தனம், பேர் வெட்டும் வழக்கம் அறிந்த குள்ளஞ்சாவடிக்காரி, சீர் வரிசையை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பேரை வாசித்துக்கொண்டே வந்தாள். கார் முறை வந்தது.

"வாசிம்மா ஹரிணி, எல்லாரும் கேக்கட்டும்" என்றான் ஜெயராமன்.

ஹரிணி கதவைத் திறந்து குனிந்து தாளை உரித்தாள். வாசிக்கத் தொடங்கிய குரல் பாதியில் தடுமாறியது.

"மகள் கனகத்துக்கு... அய்யனார் சீர். கனகம் யாருப்பா?"

ஜெயராமன் தோள்துண்டைச் சரிசெய்தான். பழைய பிளாக் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன்னத்தாம்ப்பா கேக்கறேன். யாரு?"

"மொதல்ல... உங்கம்மாவுக்கு முன்னாடி... கட்டினவ" என்றான் அவன், தரையைப் பார்த்து.

தனம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அடுத்தவ பேரு வெட்டன சாமான எம் புள்ளைக்குச் சீருன்னு குடுப்பீங்களா சம்பந்தி? எங்க வூட்டு வாசல்ல இது நிக்கக்கூடாது."

கூட்டம் விலகி வழிவிட, கனகம் முன்னால் வந்தாள்.

"நாந்தாம்மா கனகம்" என்று ஹரிணியிடம் சொன்னாள். பிறகு ஜெயராமனிடம் திரும்பினாள். "பேரு இருந்தா எடுத்துக்கன்னு அன்னிக்குச் சொன்னீங்க. இருக்குது. எடுத்துக்கறேங்க."

ஜெயராமன் ஆர்.சி. என்று ஏதோ முனகினான். ஹரிணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், தகட்டில் திருகு துளைத்த இடத்தைப் பார்த்தாள். தாம்பாளத்திலிருந்த சாவியை எடுத்துக் கனகத்தின் கையில் வைத்தாள். "ஆர்.சி.யும் உங்க வூட்டுக்கு வந்து சேரும்" என்றாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அதற்கு மட்டும் கனகத்துக்கு மனசு கஷ்டமாயிருந்தது.

கூட வந்திருந்த சுதாகர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தான். ஏறப் போன கனகம், ஏதோ நினைவு வந்தவள்போல் நின்று துணிப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு எவர்சில்வர் டம்ளர். அன்றைய பிரிவினையில் அவசரத்தில் அவள் மூட்டைக்குள் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் பிரஷ் கழுவத்தான் வைத்திருந்தாள். நேற்று புளி போட்டுத் தேய்த்தாள். அதை ஜெயராமனின் கையில் கொடுத்தாள்.

"இதுல உங்க பேரு இருக்குது. பாத்துக்கங்க."

கார் கிளம்பியது. மாலையோடு அது கேட்டைத் தாண்டும்வரை ஜெயராமன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் கனகம் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போயிருந்தாளே.