மேட்டு ரோடு வரைக்கும்

ஜோசப்ராஜுக்குக் கை சும்மா இருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், அணை உடைந்தால் வெள்ளம் எப்படிப் பாயும் என்று பார்க்க, அவர் வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்தில் சிமெண்டால் ஓர் ஆற்றையே குட்டியாகக் கட்டியிருந்தார்கள். கரையோர வீடுகளுக்கு வெறும் மரக்கட்டைகளை வைத்தால் போதும். இவர் ஒரு கட்டையைச் செதுக்கி, கோணல் மணிக்கூண்டோடு சர்ச் ஆக்கி வைத்தார். எந்த ஆறு, எந்த அணை என்று வெளியே மூச்சு விடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஆனால் கோணல் மணிக்கூண்டு உள்ள சர்ச் பூனாவிலேயே ஒன்றுதான். அது போபோடியில் அவர் குடியிருந்த சந்தின் முனையில் இருந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

ஆண்டு விழாவன்று ஊழியர்களின் குடும்பங்களை அழைத்து வேடிக்கை காட்டுவது அங்கே வழக்கம். தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து, காகிதத் துணுக்குகளைத் தூவி, அணைக் கதவை வெடுக்கென்று தூக்கினார்கள். இந்தச் சின்ன ஆற்றில் காலமும் சுருங்கிவிடும், நிஜத்தில் மணிக்கணக்கில் நடப்பது இதில் நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று ஜோசப்ராஜ் மனைவி மில்ட்ரெட்டுக்குப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் சிவப்புத் தண்ணீர் வளைவு திரும்பி, கட்டை வீடுகளை மூடி, மணிக்கூண்டின் கழுத்தளவுக்கு வந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மில்ட்ரெட் பள்ளிக்கூட டீச்சர். மேடையில் பிள்ளைகள் ஆடி முடித்தால் கை தானாகத் தட்டுமே, அப்படி அவளும் தட்டினாள். பிறகுதான் அது எந்த சர்ச் என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, அணை உறுதியாகத்தான் இருக்கிறது, இது 'உடைந்தால்' என்கிற கணக்கு மட்டும்தான் என்றார். வெளியே சொன்னால் வேலை போகும், ஊரும் கலங்கும் என்றார். அணை உறுதி என்று அத்தனை சத்தியம் செய்தவர், மறுநாள் காலையிலேயே கட்கி மேட்டுப் பக்கம் வீடு பார்க்கக் கிளம்பினார். மில்ட்ரெட்டும் வாயைத் திறக்கவில்லை. ஊமை கண்ட கனவாகக் கிடந்தது.

பக்கத்து வீட்டு சரசா அந்தச் சந்துக்கு வந்ததே வெள்ளத்துக்குப் பயந்துதான். அறுபத்தொன்றில் பான்ஷேத் அணை உடைந்தபோது முட்டா ஆற்றங்கரையில் இருந்த அவள் வீடு சட்டிபானை மிச்சமில்லாமல் போயிற்று. அந்த ஆறுதான் பொல்லாதது, நம்ம முளா ஆறு சாது என்று எல்லோரிடமும் சொல்லுவாள். அவளிடம் மில்ட்ரெட், பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் வீடு மாறுகிறோம் என்றாள். புது வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பஸ் கூடுதலாக ஏறவேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். சரசாவும் கிளறிப் பார்க்கவில்லை.

அந்தச் சந்தில் ஒரு முறை உண்டு. யார் காலி செய்து போனாலும், மேட்டு ரோடு வரைக்கும் சந்தே சேர்ந்து வண்டியைத் தள்ளிவிடும். சந்தில் குடியிருந்த அப்துல் காதர் தன் கைவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சரசாவும் அவள் மகள் பாமாவும் கட்டிலையும் தையல் மெஷினையும் தூக்கி ஏற்றினார்கள். எல்லாம் ஏறி முடிந்ததும் சரசா மில்ட்ரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். பாமாவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. நீங்கள் இருந்த வீடு ராசியான வீடு, பாமாவுக்கே விடும்படி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள்.

மில்ட்ரெட்டுக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"வேணாம் சரசா. பாமாவை இங்க குடி வெக்காத. மேல இருக்கிற டேம் உடைஞ்சா இந்தச் சந்து மிஞ்சாது. இவங்க ஆபீஸ்ல தண்ணி விட்டுப் பாத்துட்டாங்க."

ஜோசப்ராஜ் கயிற்றை இறுக்குகிறவர்போலக் குனிந்துகொண்டார். கயிறு ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்ப தெரியும் டீச்சர்?"

"ஆண்டு விழா அன்னிக்கே."

சரசா வண்டியை ஒரு முறை பார்த்தாள். "சாமான் எல்லாம் ஏத்தின பொறவு சொல்றீங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் மில்ட்ரெட்டுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

சரசா பின்னால் போய் வண்டியில் கை வைத்தாள். நீ தள்ள வேண்டாம் என்று மில்ட்ரெட் சொன்னது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. சர்ச் முனையைத் தாண்டினால் நல்ல மேடு. சரசாவின் தோளுக்குப் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டு வந்த மில்ட்ரெட், மண் வாய் திறந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று நினைத்தாள்.

மேட்டு ரோட்டில் வண்டி நின்றது. சரசா கையை எடுத்துவிட்டு, நின்ற இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"இங்க வருமா அண்ணே தண்ணி?"

"வராது," என்றார் ஜோசப்ராஜ், தரையைப் பார்த்தபடி.

"அப்ப சரி," என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பாமாவையும் கூட்டிக்கொண்டு, சந்துக்கு இறங்கிப் போனாள்.