தூங்கி எழுந்தால் சாகும் மடிக்கணினியும் பதினோரு உடைந்த வாக்கியங்களும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் இலக்கியத்துக்காக ஆரம்பிக்கவில்லை. என் மடிக்கணினியை நாலு பேர் முன்னால் திட்டவேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அது தூங்கிவிடும். அதில் தப்பில்லை, நானும் அப்படித்தான். ஆனால் எழுப்பினால் திரை ஒரு நொடி கண் திறக்கும், நீலமாகும், ஏதோ மன்னிப்புக் கேட்கும், செத்துப்போகும். மறுபடி உயிர் வரக் கால் மணி நேரம்.

முதல் தொடக்கம் இது:

அவள் திரையின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தபோது (மேசையில் எழுதுகிறேன்; பால் பொங்குகிறது, வருகிறேன்) அவளுடைய

அவளுடைய என்ன? மறந்துவிட்டது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுந்து போவதென்றால் வாக்கியத்தின் நடுவில்தான் எழுந்திருப்பேன், திரும்பி வந்தால் எங்கே தொடர்வது என்ற குழப்பம் இருக்காது. எங்கே உட்கார்ந்திருக்கிறேன், எதற்குப் போகிறேன் என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, அடுத்த சொல்லையும் போட்டுவிட்டுத்தான் போவேன். கணினி செத்தால் பாதி வாக்கியம் தங்கும், மீதி என் தலையிலிருந்தும் போய்விடும். உடைந்ததை அழிப்பதில்லை. அழிக்க மனசு வராது.

2

அந்த 'அவள்' என் மனைவி. தரச் சோதகர். தண்ணீர்ப் பம்பு செய்யும் ஆலையில், அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பம்பும் வாசலைத் தாண்டியதில்லை. மகள் பிறந்த பிறகு ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டாள்.

போன மாதம் ஒரு நேர்காணல், இதே கணினியில். முதல் சுற்று முடிந்ததும், "அரை மணி கழிச்சு வாங்க" என்று இணைப்பைத் துண்டித்தார்கள். கணினி தூங்கியது. அவள் தூங்கவில்லை, இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான நேரத்துக்குத் தொட்டாள். நீலம். மறுபடி உயிர் வந்தபோது மறுமுனையில் யாரும் இல்லை.

"பரவால்ல, விடுங்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு பம்பு ஆலை இந்தச் சனிக்கிழமை கூப்பிட்டிருந்தது. அதிலும் இரண்டு சுற்று, நடுவில் அரை மணி.*

* 'தூங்கவே விடாதபடி அமைத்துவிட்டால் போச்சே' என்று கேட்கும் வாசகருக்கு: நானும் கேட்டேன். "குறை எங்கன்னு தெரியாம மேல பெயின்ட் அடிச்சு அனுப்பறதா? நம்மகிட்ட அந்த வேலையே கிடையாது" என்றாள்.

3

தோல்வி என்பது (மேசையில் எழுதுகிறேன், யாரோ கதவைத் தட்டுகிறார்கள்) எப்போதும்

இதுவும் போயிற்று.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரே நாளில் டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பித்தேன், இரண்டை நீக்கினேன், தூக்கத்துக்கான அமைப்புகள் அத்தனையையும் மாற்றினேன், விசிறியில் தூசி தட்டினேன். கதையைத் திருத்துவதும் இப்படித்தான்: பெயர், இடம், காலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது கெடுத்தது என்று தெரியாமல் விழிப்பேன்.

கடைசியில் பழுதுபார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே அது நல்ல பிள்ளையாக மூன்று முறை எழுந்தது. என் மானம் போனது.

"நம்ம கண்ணுல படாத குறைன்னா மதர்போர்டுதான் சார். விட்டுட்டுப் போங்க, ரெண்டு வாரம் ஆகும்."

சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. திரும்பத் தூக்கி வந்துவிட்டேன். (முதல் வரைவில் இவரை வில்லனாக்கியிருந்தேன். அந்த வரிகளை அடித்துவிட்டேன். பாவம், கடும் ஜலதோஷத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்.)

4

புதன்கிழமை, இந்த வரைவை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். கையில் சிவப்புப் பேனாவோடு ஒரு மணி நேரம் குனிந்திருந்தாள். என் எழுத்தில் யாரும் இவ்வளவு மூழ்கியதில்லை.

"கதை எப்படி இருக்கு?"

"கதையை யாரு படிச்சா? அடைப்புக்குறி மட்டும் எண்ணிட்டிருக்கேன். பதினேழு தடவை எழுந்து போயிருக்கீங்க. பதினோரு வாக்கியம் உடைஞ்சிருக்கு, ஆறு முழுசா இருக்கு. இதைப் பாருங்க."

மனிதன் தூங்குவதும் (சோஃபாவில் எழுதுகிறேன், துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன்) இயந்திரம் தூங்குவதும் ஒன்றல்ல.

"தத்துவம் சுமார்தான். ஆனா முழுசா இருக்கு. முழுசா இருக்கற ஆறும் சோஃபா. உடைஞ்ச பதினொண்ணும் மேசை."

"அந்த மேசைக்கே ராசியில்ல."

"மேசை என்னங்க பண்ணும்? மேசையில என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க."

சார்ஜர், மவுஸ், வெளி ஹார்ட் டிஸ்க். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குறுநாவல் முழுவதும் அழிந்துபோனதிலிருந்து, எழுதுவதையெல்லாம் பிரதி எடுத்துவைக்க அந்த டிஸ்க்கை மேசையில் செருகியே வைத்திருப்பேன். சோஃபாவுக்கு எடுத்துப் போவதில்லை. பழுதுபார்ப்பவரிடமும் எடுத்துப் போகவில்லை.

5

அவள் சோதித்த விதத்தை அப்படியே எழுதவேண்டும், நகாசு எதுவும் வேண்டாம்.

ஒரு தடவைக்கு ஒரு பொருள்தான். சார்ஜரை மட்டும் செருகிப் பத்து முறை தூங்கவைத்து எழுப்பினாள். எழுந்தது. மவுஸ் மட்டும், பத்து முறை. எழுந்தது. டிஸ்க் மட்டும். முதல் முறை எழுந்தது. இரண்டாம் முறை, நீலம்.

நான் டிஸ்க்கைப் பிடுங்கிக் கூத்தாடினேன். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! காப்பாற்ற வைத்ததல்லவா என் கழுத்தை அறுத்திருக்கிறது!

"குதிக்காதீங்க. இன்னும் முடியல."

டிஸ்க் இல்லாமல் இருபது முறை எழுப்பினாள். எல்லா முறையும் எழுந்தது. பிறகு அதையே மறுபடி செருகினாள்.

"எதுக்கு இது?"

"எடுத்தா நிக்கணும், வச்சா திரும்ப வரணும். அப்பதான் அது குறை. இல்லேன்னா வெறும் சந்தேகம்."

நீலம் வந்தது. நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். ஏழு வருடம் கழித்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். கொஞ்சம்கூட மாறவில்லை.

6

சனிக்கிழமை. முதல் சுற்று முடிந்தது. இடைவெளியில் கணினி தூங்கியது. அவள் தலை வாரிக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், நான்தான் நகம் கடித்தேன். நேரம் வந்ததும் ஒரு விரலால் தொட்டாள்.

எழுந்தது. ராஜாவாட்டம் எழுந்தது!

மறுமுனையில் இருந்தவர் நேரடியாகவே கேட்டார். "ஏழு வருஷமா தொழிலை விட்டு இருந்திருக்கீங்க. குறை கண்டுபிடிக்கிற கண்ணு இன்னும் இருக்குமா?"

"புதன்கிழமை ஒண்ணு கண்டுபிடிச்சேன் சார். சொல்லட்டுமா?"

சொன்னாள். அடைப்புக்குறி, சோஃபா, பத்து முறை, இருபது முறை, மறுபடி செருகியது எல்லாம். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மறுமுனையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "அந்த எழுத்தாளர் கதையை முடிச்சாரா?" என்று கேட்டார்.

"அது என் பொறுப்புல இல்ல சார்."

7

முடிவு ஒன்று: வேலை கிடைத்தது, எல்லாம் சுபம். முடிவு இரண்டு: கிடைக்கவில்லை, ஆனாலும் அவள் தலை நிமிர்ந்தாள். இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க. சாட்சியை மட்டும் வைங்க, படிக்கிறவங்க சோதிச்சுக்கட்டும்" என்றாள்.

வைக்கிறேன். இன்று திங்கட்கிழமை, மணி ஒன்பதரை. வீட்டில் நான் மட்டும்தான். மகளைப் பள்ளியில் விட்டது நான். வாசலில் என் மனைவியின் செருப்பு இல்லை. சமையலறை மேடையில் ஒரு டிபன் டப்பாவின் மூடி கிடக்கிறது. காலை அவசரத்தில் வேறு மூடியைப் போட்டு அனுப்பிவிட்டேன். முடிவு உங்கள் கையில். எனக்கு (மேசையில் எழுதுகிறேன்; மூடியைக் கொடுக்க ஆலை வாசல் வரை போய்வருகிறேன்) நாலு பேர் முன்னால் நல்ல திட்டு கிடைத்தது.