அண்ணி பேர் ஒட்டின ட்யூப்

எங்க அண்ணன் தும்மினா தெருவே திரும்பிப் பார்க்கும். சின்ன வயசுலருந்தே அப்படித்தான். நகம் பிய்ஞ்சா படுத்துக்குவான். தலைவலின்னா வீட்ல யாரும் டிவி போடக்கூடாது. அம்மாவும் அதுக்குத் தோதா தாளம் போடுவாங்க. யார் சத்தமா முனகுறாங்களோ அவங்கதான் நோயாளி, இது எங்க வீட்டுச் சட்டம். ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் பார்க்கிற வேலையில இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அந்தச் சட்டம் எனக்குள்ளயும் ஊறிக் கிடந்துதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஊர் பூரா வைரஸ் காய்ச்சல். நாங்க லேப்ல மூக்கு, வாய் எல்லாம் மூடிக்கிட்டு பேய் மாதிரி வேலை பார்த்துக்கிட்டிருந்தோம். அண்ணனை எங்க ஆஸ்பத்திரியிலயே மூணாவது மாடி வார்டுல சேர்த்திருந்தாங்க. கூட அண்ணி. அவங்களுக்கும் லேசா காய்ச்சல் இருந்துது. கேட்டா, "எனக்கென்ன, கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான்"னு ஒரு மாத்திரையை முழுங்கிட்டு அண்ணனுக்கு முதுகு தடவிக்கிட்டிருந்தாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். டூட்டி டாக்டரம்மா விடல. கூட இருக்கிறவங்களுக்குக் காய்ச்சல்னா அவங்க ரத்தமும் பார்த்தாகணும்னு ரெண்டு பேர்கிட்டயும் எடுக்கச் சொல்லிட்டாங்க.

இந்தக் காய்ச்சல் ஒரு கள்ளன். ஆள் வெளிய நல்லா உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்பார், உள்ள நுரையீரல் நனைஞ்சுக்கிட்டிருக்கும். அதனால ஆளோட முகத்தைப் பார்க்கிறதோட நிறுத்தாம ரத்தத்தையும் பார்ப்போம். ஃபெரிட்டின் எகிறினா உடம்பு தன்னைத்தானே போட்டு அடிச்சுக்குதுன்னு அர்த்தம். டி-டைமர் எகிறினா ரத்தம் அங்கங்க கட்டி கட்ட ஆரம்பிச்சிருக்கலாம். கிருமியோட சண்டை போடுற அணுக்கள் வேற குறைஞ்சுபோச்சுன்னா, கேட்கவே வேணாம். எல்லாத்தையும் சேர்த்து வச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாங்க, யார் வார்டுல இருக்கலாம், யாரை மேல தீவிர சிகிச்சைக்கு ஏத்தணும்னு.

மத்தியானம் வார்டுலருந்து அம்மா போன் பண்ணாங்க.

"ரிப்போர்ட் வந்துச்சா? மேல ஒரு பெட்டு காலியாயிருக்காம். உன் அண்ணன் மூச்சு விட முடியலங்கிறான்டி."

"கத்துறதுக்கு மட்டும் மூச்சு இருக்கா?"

"உனக்கு எப்பவும் நக்கல்தான். அவனுக்கு ஒண்ணுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

போனை வச்சுட்டு மெஷின் பக்கம் திரும்பினேன். ரிசல்ட் வந்திருந்துது. ஒரு ஆளுக்கு ஃபெரிட்டின், டி-டைமர் ரெண்டும் தாறுமாறா ஏறிக் கிடக்கு, அணுக்கள் தரையைத் தொட்டுக் கிடக்கு. இன்னொரு ஆளுக்குச் சாதாரண காய்ச்சல்காரனுக்கு இருக்கிற அளவுதான்.

மோசமானது அண்ணி பேர்ல இருந்துது.

ஒரு நொடி கூட எனக்குச் சந்தேகம் வரல. ட்யூப்ல ஒட்டுற சீட்டு மாறிப்போச்சு, அவ்வளவுதான். ரெண்டு சீட்டுலயும் அண்ணன் பேர் இருக்கும், அண்ணி சீட்டுல அவங்க பேருக்குப் பின்னால ஒட்டிக்கிட்டிருக்கும். அவசரத்துல நர்ஸ் பொண்ணு மாத்தி ஒட்டிட்டா. இல்லாட்டி அங்க கத்துறவனுக்கு ஒண்ணுமில்ல, இங்க ஓடியாடுறவங்க சாகக் கிடக்கிறாங்கன்னு எப்படி இருக்கும்?

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "மேடம், சீட்டு மாறியிருக்கும்னு தோணுது. மோசமான ரிசல்ட் எங்க அண்ணனுதுதான்."

"தோணுதா, தெரியுமா?"

"தோணுதுதான், மேடம்."

"விரல்ல மாட்டிப் பார்த்தா உங்க அண்ணனுக்கு ஆக்ஸிஜன் நல்லாத்தாம்மா காட்டுது. அதனால எனக்கும் குழப்பம்தான். ரெண்டுல யாரா இருந்தாலும் அந்த ஆளுக்கு மேல இடம் வேணும். கீழ எமர்ஜென்சியில இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார், ரொம்ப நேரம் பெட்டைப் பிடிச்சு வைக்க முடியாது. உங்க அண்ணனை ட்ராலியில தயாரா வைக்கச் சொல்றேன். நீங்க யாரோட ரத்தம்னு உறுதியாச் சொல்லுங்க. உங்க அண்ணிக்கும் விரல்ல மாட்டிப் பார்க்கச் சொல்றேன்."

போனை வைக்காமலே பக்கத்துல நர்ஸ்கிட்ட கேட்டாங்க. நர்ஸ் சொன்னது எனக்கும் கேட்டுது. அண்ணி வார்டுல இல்ல. அண்ணனுக்கு வெந்நீர் வாங்க ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கிட்டுக் கீழ போயிருக்காங்க.

புதுசா ரத்தம் எடுத்து அந்த டெஸ்ட் எல்லாத்தையும் மறுபடி ஓட்ட நேரமில்ல. அப்பத்தான் மண்டையில உறைச்சுது. என் பிரசவத்துல ரத்தம் நிக்காமப் போனப்ப எனக்கு ரத்தம் கொடுத்தது அண்ணி. எனக்கும் அவங்களுக்கும் ஓ நெகட்டிவ். அண்ணனுக்கு பி பாசிட்டிவ். குரூப் பார்க்க எவ்வளவு நேரமாகும்.

அண்ணி பேர் ஒட்டின ட்யூபை எடுத்தேன். கண்ணாடித் தகட்டுல மூணு சொட்டு வச்சேன். ஒவ்வொண்ணுலயும் மருந்து விட்டுக் கலக்கினேன். பி பாசிட்டிவ்னா திரிஞ்சு திட்டுத்திட்டா நிக்கும். திரியணும்னு வேண்டிக்கிட்டேன். ஆமா, வேண்டிக்கிட்டேன். கூடப் பிறந்தவன் ரத்தம் கெட்டுக் கிடக்கட்டும்னு நான் வேண்டினேன், அப்படித்தான் அண்ணி எனக்கு.

திரியல. தகட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். மூணு சொட்டும் வழவழன்னு அப்படியே கிடந்துது, ஓ நெகட்டிவ். அண்ணன் ட்யூபையும் போட்டுப் பார்த்தேன், அது பளிச்சுன்னு திரிஞ்சுது. சீட்டு மாறவே இல்ல.

"அண்ணிதான் மேடம்"னு போன்ல சொல்லிட்டு ஓடினேன். லிஃப்ட் வாசல்ல திருவிழாக் கூட்டம். படியில ஏறினேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல அண்ணி சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. ஃப்ளாஸ்க்கை மடியில வச்சிருந்தாங்க. உதடு நீலம் பாரிச்சிருந்துது.

"லிஃப்ட்ல கூட்டம்மா..." மூச்சு வாங்கினாங்க. "சும்மா... ஒரு நிமிஷம்... உட்கார்ந்தேன்." மறுபடி மூச்சு. "அவருக்கு... வெந்நீர்... ஆறிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஃப்ளாஸ்க்கைப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன். "அண்ணி, பேசாதீங்க, அசையாதீங்க"ன்னுட்டு மேல பாய்ஞ்சேன்.

மூணாவது மாடி லிஃப்ட்கிட்ட ட்ராலி நின்னுது. அதுமேல அண்ணன், ஐயோ அம்மான்னு. அம்மா அவன் நெத்தியைத் தடவிக்கிட்டிருந்தாங்க.

"இறங்கு"ன்னேன்.

"எனக்கு மூச்சு..."

"உனக்கு ஒண்ணுமில்ல. அண்ணி படியில கிடக்கிறாங்க. மேல போக வேண்டியது அவங்க."

"பைத்தியமாடி உனக்கு? அவ இப்பத்தானே நல்லா நடந்து போனா"ன்னாங்க அம்மா.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். நான் நக்கல் பண்றேனான்னு தேடினான்னு நினைக்கிறேன். அப்புறம் முனகல் நின்னுது. ட்ராலியிலருந்து குதிச்சு, செருப்பு கூடப் போடாம படியில இறங்கினான். அண்ணியைத் தூக்கிக்கிட்டு வந்தது அவன்தான். ட்ராலியில படுக்க வச்சதும் ஆக்ஸிஜன் மாட்டினாங்க. விரல்ல காட்டின அளவைப் பார்த்ததும் டாக்டரம்மா ட்ராலியை அவங்களே தள்ளினாங்க.

மேல, நுரையீரல் வீக்கத்தைக் குறைக்கிற மருந்தும், ரத்தம் கட்டாம இருக்க ஊசியும் ஆரம்பிச்சாங்க. மறுநாள் அண்ணி ரத்தம் வந்தப்ப அளவு இன்னும் ஏறியிருந்துது. அதை அண்ணன்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். சரின்னு தலையை ஆட்டினான், அவ்வளவுதான். படுக்கைக்குப் போன்னு நர்ஸ் எத்தனை தடவை விரட்டினாலும், மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு அண்ணி இருந்த மாடி வராந்தா கோடியில திரும்பி வந்து உட்கார்ந்துடுவான். அந்த ஃப்ளாஸ்க் பக்கத்துலயே இருக்கும்.

அதுக்கு அடுத்த நாள் ரிசல்ட்டை நான் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் போனேன்.

"ரெண்டும் இறங்க ஆரம்பிச்சிருக்கு. அணுக்களும் ஏறுது"ன்னேன். "அண்ணி தப்பிச்சுடுவாங்கன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

அண்ணன் முழங்கால்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டான். தோள் குலுங்கிக்கிட்டே இருந்துது, துளி சத்தம் வரல. அம்மா பதறிப்போய்ப் பக்கத்துல உட்கார்ந்து, "எங்கடா வலிக்குது, சொல்லுடா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவன் வாயைத் திறக்கல.