பதினோராவது சேலை

உத்திராடத்தன்று கோழிக்கோட்டுத் துணிக்கடைக்குள் நுழைகிறவர்களுக்குக் கண் தெரியாது, காது கேட்காது, கை மட்டும்தான் உண்டு. மறுநாள் திருவோணம். வீட்டு அலமாரி பிதுங்கிக்கொண்டிருந்தாலும் ஊரே எதையாவது வாங்கியாக வேண்டும். பிரசீதா பதினாலு ஓணமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறாள். பொன் ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலைப் பிரிவில் அவள் பிரித்துக் காட்டிய சேலை திரும்ப அலமாரிக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. இதை அவளே சொல்லிக்கொள்வாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

இந்த வருஷம் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, திருவோணத்தன்று லீவு. கல்யாணமான மகள் மாப்பிள்ளையோடு முதல் ஓணத்துக்கு வருகிறாள். எப்போதும் அன்றைக்குக் கடை மூடித்தான் கிடக்கும். இந்தத் தடவை முதலாளிக்கு என்ன பேய் பிடித்ததோ, 'கடைசி நேரத் தள்ளுபடி' என்று திறக்கப் போகிறார்களாம். மேனேஜர் ஜோஷியிடம் ஒரு வாரமாகக் கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. “போன வருஷத்து நீலக்கரைச் சேலை தேங்கிக் கிடக்கு. அத தள்ளிவிடுங்க சேச்சி, அப்புறம் பார்க்கலாம்” என்று நழுவிக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் வங்கிப் பெண்கள் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். லீவு முடிந்து வங்கி திறக்கும் அன்று ஓணக் கொண்டாட்டம். அத்தனை பேரும் ஒரே மாதிரி உடுத்திப் படம் எடுக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் புரட்டியெடுத்து, கடைசியில் பச்சைக்கரைச் சேலையில் வந்து நின்றார்கள். எண்ணினால் பத்துதான் இருந்தது.

“பத்தா? நாங்க பதினோரு பேராச்சே!” என்றாள் கூட்டத்தின் தலைவி ஷீபா. அவள் பார்வை பிரசீதாவின் மேல் விழுந்தது. “ஏன் சேச்சி, நீங்க கட்டியிருக்கிறதும் இதானே?”

அதேதான். பார்த்து ஆசைப்படட்டும் என்று விற்பனைப் பெண்கள் எல்லோரையும் கடையே அந்தப் பச்சைக்கரையைக் கட்டச் சொல்லியிருந்தது.

ஜோஷி அவளை ஓரமாக இழுத்துப் போனான். “போய் மாத்திட்டு வாங்க சேச்சி. ஒரு இஸ்திரி போட்டு மடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே! காலையிலேர்ந்து வேர்த்து ஊத்தின சேலை. கட்டி அவுத்தது கோடித் துணியா சார்? உங்க வீட்டம்மாவுக்குக் குடுப்பீங்களா?”

“பதினோரு சேலை வியாபாரம் கைய விட்டுப் போகுது. உங்களுக்கு நாளைக்கு லீவு வேணுமா வேண்டாமா?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வியாபாரமும் எங்கேயும் போகாது, என் சேலையும் போகாது. நீங்க கொஞ்சம் நவுருங்க.”

பக்கத்தில் நின்ற விற்பனைப் பெண் ரம்லத்தையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டு, தன்னோடு வரிசையாக நிற்க வைத்தாள். ஐந்து பேரும் பச்சைக்கரை. “மேடம், படத்துல எப்படி வரும்னு பார்த்துக்குங்க.”

வங்கிக்காரிகள் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “ஐயோ ஷீபா சேச்சி, நாம துணி விக்க வந்த மாதிரில்ல இருப்போம்!”

எல்லோரும் சிரித்தார்கள். ரம்லத்தின் முகம் சுருங்கிப்போனது. பிரசீதாவுக்கும் சுருக்கென்றுதான் தைத்தது. அந்தச் சிரிப்பு வர வேண்டும் என்றே அவள் வரிசை கட்டினாள், இருந்தாலும் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று நீலக்கரைச் சேலையை உதறி மேஜைமேல் விரித்தாள்.

“இது ஊர்ல ஒருத்தர்கூட கட்டல மேடம். சத்தியமா.”

சத்தியம்தான். போன வருஷத்திலிருந்து ஒருத்தர்கூட வாங்கவில்லையே! கால் மணி நேரத்தில் பதினோரு நீலக்கரையும் பைக்குள் போயின. ஷீபா தன் நாத்தனாருக்கென்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.

ஜோஷி பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான். “அசத்திட்டீங்க சேச்சி! நீங்க இல்லன்னா இந்தப் பிரிவே ஓடாது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அதான் யோசிக்கிறேன். நாளைக்கு மட்டும் வந்துடுங்களேன். அடுத்த வருஷம் கண்டிப்பா லீவு.”

பாவி! வேலை செய்யாதவளுக்கு லீவு கிடையாது, செய்கிறவளுக்கும் கிடையாது. பிரசீதா நிதானமாக ஒரு சேலையை மடித்து வைத்தாள்.

“இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க சார்.”

“எத? நீங்க இல்லன்னா ஓடாதுன்னு சொன்னதா?”

“ஆங், அதேதான். ரம்லத், கேட்டுக்கிட்டியா?”

“நல்லாவே கேட்டுது சேச்சி” என்றாள் ரம்லத்.

“நாளைக்கு நான் வரல சார். நாளான்னைக்கு வருவேன். அன்னைக்கு என்னை வேலைய விட்டுத் தூக்கலாம்னு தோணிச்சுன்னா, நீங்க ரெண்டு தடவ சொன்னத ஞாபகம் வச்சுக்குங்க.”

“அது வந்து சேச்சி...” என்று இழுத்தான் ஜோஷி. அதற்குள் அவள் அடுத்து வந்தவளுக்குச் சேலை பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.