எந்தப் பக்கம் திருப்பினாலும்

"பெட்டியைத் திருப்பி வைன்னு சொன்னேன்ல?" அதிகாரி மறுபடியும் கத்தினார். கல்லுக்காரி அசையவில்லை. பாறையைப் பார்த்துக் குணம் சொல்வது அவள் உத்தியோகம். கல்லுக்காரி என்பது சுரங்க வேலைக்காரர்கள் செல்லமாக வைத்த பெயர். மேசைமேல் நீளப் பெட்டி. மலையைத் துளைத்து எடுத்த, கம்புபோல் உருண்ட கற்கள் அதில் வந்த வரிசையிலேயே படுத்திருந்தன.

சண்டை இதற்குத்தான். தண்ணீரில் மண் படியும்போது பருமணல் முதலில் இறங்கும், பொடி அதன்மேல் தங்கும். யுகங்கள் கழித்துப் பாறையானாலும் அந்த அடையாளம் போகாது. ஆனால் இந்தப் பெட்டியில் சில கற்களில் பருமணல் மேலே இருந்தது. துளை போட்டவர்கள் தலைகீழாக அடுக்கித் தொலைத்துவிட்டார்கள் என்று அதிகாரி முடிவே கட்டிவிட்டார். வழக்கமாக நடக்கிற தப்புதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் இங்கே கவிழ்ந்தது பெட்டி இல்லை, மலை. பக்கவாட்டு நெருக்குதலில் அடுக்குகள் துண்டை மடித்ததுபோல் மடங்கிக் கிடந்தன. அப்படியென்றால் கீழே ஆழத்தில் மட்டுமே இருப்பதாக நம்பிய இளகின களிமண் பாறை, மடிப்போடு திரும்பிவந்து சுரங்கத்தின் கூரைக்கு மேலேயே, ஒரு வெடிக்குச் சரிந்துவிடும்படி உட்கார்ந்திருக்கிறது. காலையில் அந்தக் கூரைக்கடியில் முதல் ஆளாக நுழையப்போகிற வெடி மேஸ்திரி அவள் கூடப்பிறந்த அண்ணன்.

"மலை என்ன பாயா, மடக்கி வைக்க?" என்றார் அதிகாரி.

"நான் மடக்கல சார். அது எப்பவோ மடங்கிடுச்சு. நீங்க அதட்டினா நிமிராது."

வாசலில் நின்றிருந்த அண்ணனுக்குப் பதறிப்போயிற்று. "விடும்மா. வாயைக் கொடுத்து வேலைக்கு உலை வச்சுக்காதே."

"வேலை போனா இன்னொரு வேலை. நீ போனா இன்னொரு அண்ணனுக்கு நான் எங்கே போவேன்? சும்மா இரு!" குரல் உடைந்தது. உடைந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

பெட்டியிலிருந்து முழங்கை நீளக் கல் ஒன்றை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தாள். விரிசலே இல்லாத முழுத் துண்டு.

"ரெண்டு நுனியிலும் பருமணல். பொடி உள்பக்கம், நட்டநடுவுல களிமண். ஒரு நுனி நேரா நின்னா இன்னொண்ணு கவுந்துதான் நிக்கும். இப்போ திருப்புங்க சார், எந்தப் பக்கம் வேணும்னாலும்."

அதிகாரி திருப்பினார். பழையபடியே இருந்தது. இன்னொரு தடவை திருப்பினார். முகம் கறுத்தது. ஓரத்தில் கிடந்த சுத்தியலை எடுத்தார்.

"ரெண்டாப் போயிடுச்சுன்னா உன் மடிப்புக் கதையும் முடிஞ்சுது."

"உடைங்க. வெளியில மலையே மிச்சம் இருக்கு. அதையும் உடைங்க!"

ஓங்கிய கை நின்றது. அண்ணன் உள்ளே வந்தான். தங்கையை ஒரு பார்வை பார்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றி, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"சார், காலையில இதை மாட்டிக்கிட்டு நீங்க முன்னாடி போங்க. நாங்க பின்னாலேயே வர்றோம்."

அதிகாரி சுத்தியலைக் கீழே வைத்தார். தலைக்கவசத்தைத் தொடவில்லை.