கறிக்கடை வீட்டில் பார்லி சாலட்

என் வீட்டுக்காரர் வெள்ளரிக்காய் நறுக்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ வருடமாகக் கறிக்கடை நடத்துகிற மனுஷன். வாடிக்கையாளரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே முழு ஆட்டையும் துண்டு போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வெள்ளரிக்காயைப் பலகையில் வைத்துக்கொண்டு, எலும்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதுபோல் தடவித் தடவிப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதே. இது வழுக்குது.”

“கெட்டியா பிடிச்சுக்கங்க. எழுந்து ஓடிடப் போகுது.”

இத்தனை பாடும் எங்கள் மகளுக்காக. ஒரே பெண். வேறு ஊரில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. சில வருடங்களுக்கு முன்னால் கறியை விட்டாள், மீனை விட்டாள், முட்டையை விட்டாள். சரி, இதோடு நிற்பாள் என்று பார்த்தால் பால், தயிர், நெய் எல்லாம் போயிற்று. கடைசியில் தேனும் போயிற்று. தேன் என்னடி பாவம் பண்ணிச்சு என்று கேட்டேன். தேன் ஒண்ணும் பண்ணலம்மா, நாமதான் பண்றோம் என்றாள். அவளிடம் வாயைக் கொடுத்து மீள முடியாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் தொழிலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியது கிடையாது. தன் தட்டோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்தத் தட்டில்தான் எங்களுக்குப் பிரச்சினை. எங்கள் வீட்டில் வெறும் தண்ணீரில் எதுவும் வேகாது. பின்னடுப்பில் எலும்பு சூப் எப்போதும் இருக்கும். பருப்பு வெந்தால் ஒரு கரண்டி, காய் வெந்தால் ஒரு கரண்டி, கஞ்சி கெட்டியானால் இரண்டு கரண்டி. வெறும் பீன்ஸ்தானேடி, சாப்பிடு என்று அவளிடம் சொல்ல முடியாது. அது வெறும் பீன்ஸ் இல்லை.

வெயில் காலத்தில் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு உறவுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு, பின்கட்டில் மரத்தடியில் நீள மேஜை போட்டுச் சேர்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். மகள் வருவாள், எல்லோரையும் கட்டிக்கொள்வாள், பரிமாறுவாள், சிரிப்பாள். சாப்பிட உட்காரும்போது பைக்குள்ளிருந்து பச்சை மூடி போட்ட டப்பாவை எடுப்பாள். “எனக்கு இருக்குப்பா,” என்பாள். அவ்வளவுதான், இவர் முகம் சுண்டிப்போகும்.

போன வருடம் எல்லோரும் கிளம்பிய பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “என் பொண்ணு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறான்னு கூடச் சொல்ல முடியாது. விருந்தாளி நம்ம வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவான்.”

 என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், நாற்காலியை ஒழுங்கா அடுக்குங்க என்று எரிந்து விழுந்தேன்.

இந்த வருடம் அவரே போன் போட்டார். “கண்ணு, இந்தத் தடவை டப்பா எடுத்துட்டு வராதே. நான் பண்றேன்.”

 “என்னப்பா பண்ணுவீங்க?” என்றாள்.

“அது தெரிஞ்சா உனக்கு ஏன் போன் பண்றேன்? நீயே சொல்லு.”

அவள் சொன்னதுதான் பார்லி சாலட். “ரொம்ப ஈஸிப்பா. பார்லியை வேகவச்சு ஆறவைங்க. வெள்ளரிக்காய், தக்காளி, மாதுளை, புதினா போடுங்க. எலுமிச்சம்பழம், எண்ணெய், உப்பு. மேல வறுத்த வேர்க்கடலை. அவ்வளவுதான்.”

அந்த ஈஸியில் எங்கள் வீடு ஒரு வாரம் அல்லோலகல்லோலப்பட்டது. முதல் தடவை செய்த பார்லியை எடுத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம். அடுத்த தடவை கடித்தபோது என் கடைவாய்ப் பல்லில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மனுஷன் விடவில்லை. கழுவி, வேகவைத்து, வடித்து, பெரிய தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புதுப் பலகை, புதுக் கத்தி, புதுப் பாத்திரம் வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பக்கத்தில் போனால் எனக்கே அடி விழும் போலிருந்தது.

காய் நறுக்குவதற்கு முன்னால் எலுமிச்சம்பழ மூடியால் கையைத் தேய் தேய் என்று தேய்ப்பார். பிறகு என் மூக்குக்கு நேரே நீட்டுவார். “மோந்து பாரு. கறி வாசனை வருதா?”

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசனையோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். ஒரு நாளாவது எனக்காக அந்தக் கையைத் தேய்த்தது உண்டா? பொறாமையாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இருந்தாலும் மோந்து பார்த்து, “எலுமிச்சம்பழ வாசனைதான் வருது,” என்றேன்.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே அவர் சமையலறையைப் பிடித்துக்கொண்டார். நான் பின்கட்டில் மேஜை விரிப்பும் தட்டுகளுமாக அலைந்தேன். லாரி ஓட்டுகிற என் தம்பி வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் தலையை நீட்டினான்.

“என்ன அத்தான், கடையை மூடிட்டு மாட்டுத் தீவனம் விக்கப் போறீங்களா?”

“உனக்கு முதல்ல ஒரு மூட்டை அனுப்பறேன், போடா.”

சாலட் மேஜைக்கு வந்தபோது என் தம்பியே கிட்டே வந்து எட்டிப் பார்த்தான். வெள்ளைப் பார்லிக்கு நடுவில் சிவப்பும் பச்சையுமாக அவ்வளவு அழகு. வெள்ளரிக்காய்த் துண்டுகள் ஒன்றுக்கொன்று அளவு மாறவில்லை. கடைசியில் அந்தக் கைக்கு வெள்ளரிக்காயும் பிடிபட்டுவிட்டது.

மகள் வந்தாள். இவர் முதலில் பார்த்தது அவள் முகத்தை இல்லை, கையை. ஒரு கையில் கார் சாவி, இன்னொரு கையில் ஆரஞ்சுப் பழக் கூடை. தோளில் பை இல்லை, டப்பா இல்லை. அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

“அப்பா! இது நிஜமாவே நீங்க பண்ணதா?”

“பின்னே, உங்க அம்மாவா பண்ணா? அவளுக்கு இதெல்லாம் வராது.”

அன்றைக்கு மட்டும் போகட்டும் என்று விட்டேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். இவருடைய அக்கா, என் நாத்தனார், பல் வலி என்று முதலில் சூப் கேட்டார். எடுக்க உள்ளே போனேன். பானையில் கரண்டியை விட்டுத் தூக்கினேன். சூப்போடு இரண்டு பார்லி மணிகள் வந்தன. நன்றாக வெந்து உப்பிய பார்லி. நான் சூப்பில் பார்லி போடுவதில்லை.

கரண்டியைப் பிடித்தபடியே வெளியே குரல் கொடுத்தேன்.

“என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

வந்தார். கரண்டியைக் காட்டினேன். முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அடுப்பையும் பானையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எல்லாருக்கும் சேர்த்து நிறையப் போட்டேன். பாதி வேகும்போதே தண்ணி வத்திடுச்சு. அடி பிடிச்சிடுமோன்னு…” நிறுத்தினார். “பார்லி கிண்டின கரண்டியோட கை பாட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கு. எனக்குத் தெரியவே இல்லை.”

புதுப் பலகை, புதுக் கத்தி, புதுப் பாத்திரம், ஒரு வாரம் எலுமிச்சம்பழத்தில் தேய்த்த கை. எல்லாம் ஒரு கரண்டி சூப்பில் போயிற்று.

“விடுங்க,” என்றேன். “யாருக்குத் தெரியப் போகுது? புதினாவுலயும் எலுமிச்சம்பழத்துலயும் வாசனை கூட வரலை. அவ எவ்வளவு சந்தோஷமா உட்கார்ந்திருக்கா பாருங்க. வாயைத் திறக்காதீங்க.”

மனதாரத்தான் சொன்னேன். தப்பு என்றால் தப்புதான். அந்த இரண்டு முகங்களிலும் இருந்த சந்தோஷத்துக்காக நான் ஒரு பானை சூப்பையே மறைத்திருப்பேன்.

அவர் கரண்டியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

“என்னை நம்பி அவ டப்பா இல்லாம வந்திருக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் தட்டு நிறையப் போட்டுக்கொண்டு முதல் ஸ்பூனை எடுத்திருந்தாள்.

“கண்ணு, சாப்பிடாதே.”

அவள் ஸ்பூனோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுல சூப் கலந்துடுச்சு. நான்தான் ஊத்திட்டேன். தெரியாம ஊத்திட்டேன். ஒரு கரண்டி.” நிமிர்ந்து நின்றுதான் சொன்னார். ஆனால் கை மட்டும் துண்டைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தது.

என் தம்பி சிரிக்க ஆரம்பித்தான். நாத்தனார் அவன் தொடையில் கிள்ளிய கிள்ளில் அது இருமலாக மாறியது. மகள் ஸ்பூனை மெதுவாகத் தட்டில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. இவரை ஒரு வார்த்தை சொல்லட்டும், பெற்ற பெண் என்றுகூடப் பார்க்க மாட்டேன் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன்.

“பார்லி மிச்சம் இருக்காப்பா?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

“அப்ப இன்னொரு தடவை பண்ணுங்க.”

“ரொம்ப நேரமாகும், கண்ணு. பசி தாங்க மாட்டே. அதுவரைக்கும் பழமாவது சாப்பிடு.”

“பழம் வேண்டாம். இதுதான் வேணும்.”

சண்டைக்கு நின்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதல் காரியமாக நானும் என் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த சூப் பானையை வீட்டை விட்டே வெளியேற்றினோம். மரத்தடியில் வைத்துவிட்டு, “எங்கயாவது நகர்ந்தே, தெரியும் சேதி,” என்று பானையை மிரட்டினான். இவர் பாத்திரத்தைப் பளபளக்கத் தேய்த்துக் கழுவி அடுப்பில் வைத்தார். வெளியே மற்றவர்கள் பழைய சாலட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். சூப் ஊத்தினதாலதான் இவ்வளவு ருசி என்று என் தம்பி தீர்ப்புச் சொன்னான்.

நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். மகள் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“கையில என்னப்பா இவ்வளவு வெடிப்பு?”

“எலுமிச்சம்பழம் தேய்ச்சேன். வாசனை போகணுமில்ல.”

“வெடிப்புல எரிஞ்சிருக்குமே.”

“கொஞ்சம் எரிஞ்சுது.”

அவள் அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பார்லி கொதித்துக்கொண்டிருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

எல்லோரும் டீ குடித்து முடித்த பிறகுதான் அவள் தட்டு தயாரானது. முதல் வாயை அவள் மென்று விழுங்கும்வரை, தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உப்பு?”

“சரியா இருக்குப்பா.”  தலை நிமிராமல் சாப்பிட்டாள். இன்னொரு தட்டும் போட்டுக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடுவாளே, அந்தப் பசி.

சாயங்காலம் அவள் கிளம்புகிற நேரம். அந்த ஆரஞ்சுப் பழத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தனுப்பலாம் என்று கூடையோடு முன்பக்கம் போனேன். கடையின் ஷட்டருக்கு எதிரே கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பின் கதவைத் திறந்தேன். சீட்டில் மடித்த துண்டு ஒன்று. அதை நகர்த்தினேன். அடியில் பச்சை மூடி டப்பா.

திறந்து பார்த்தேன். நிறைய இருந்தது. அதே பார்லி, அதே வெள்ளரிக்காய். காருக்குள் வெந்து புளித்துப்போயிருந்தது.

“அம்மா.” பின்னால் நின்றிருந்தாள். “அப்பாகிட்ட சொல்லிடாதே. ஒருவேளை அவரால முடியலைன்னா, அவர் சங்கடப்படக் கூடாதேன்னு எடுத்துட்டு வந்தேன்.”

“பசியே எடுக்கலையாடி உனக்கு?”

“எடுத்துச்சும்மா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. அப்பா சாப்பாட்டுக்காக வயித்தைக் காலியா வச்சிருந்தேன்.”

நாலு எட்டு நடந்தால் கார். எடுத்துச் சாப்பிட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். அவள் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனால் என் வாயில் எதுவும் தங்காது. அது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய், கொட்டிக் கழுவித் துடைத்து, நேராக இவர் முன்னால் வைத்தேன். மிச்சமிருந்த புதுச் சாலட்டை மூடிக்கொண்டிருந்தவர் டப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இது எப்படி வந்துச்சு?”

“கார்ல இருந்துச்சு. நிறைய இருந்துச்சு. தொடவே இல்லை.”

மூடியை விரலால் தடவினார். முகம் முதலில் சுருங்கியது. நான் சொன்ன கடைசி வார்த்தை அவருக்குள் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“இதை வச்சுக்கிட்டா என் மக இவ்வளவு நேரம் பசியோட உட்கார்ந்திருந்தா?”

“ஆமாங்க.”

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி தட்டுகளை எண்ணினேன். பிறகு அவர் ஸ்பூனை எடுத்து, பார்லியை அமுக்கி அமுக்கி, விளிம்புவரை நிரப்பினார். மேலே வேர்க்கடலையை இன்னும் ஒரு பிடி போட்டு மூடினார்.

அவரே கொண்டுபோய்க் கார் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மகள் டப்பாவைப் பார்த்தாள், உடனே என்னைப் பார்த்தாள். நான் எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணிகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த தடவை வரும்போது டப்பாவை எடுத்துட்டு வா, கண்ணு,” என்றார் இவர். “காலியா எடுத்துட்டு வா.”

“சரிப்பா,” என்றாள். டப்பாவைப் பின்சீட்டில் போடாமல் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.