கொடிக்கு முடிவெட்டியவர்

சலூன்காரர் மகாராசன் ஏணியைச் சுவரில் சாய்த்து மறுபடியும் ஏறினார். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. நாள் முழுக்க வெயில் விழுகிற அந்தச் சுவரில், கம்பிகளைப் பற்றிக்கொண்டு விஸ்டீரியா ஏறியிருந்தது. பனிக்கும் அசையாத வெளிநாட்டுக் கொடி. இலை வந்துவிட்டது, பூவுக்கு மட்டும் சுவடே இல்லை.

அவர் மனைவி ஒன்பது வருடத்துக்கு முன் விதை போட்டு வளர்த்தது. விதைக் கொடி என்ன நிறத்தில் பூக்கும் என்பது பூத்தால்தான் தெரியும். குளிர் தொடங்கும்போது அவள் தடவிப் பார்த்து, "மொட்டு பிடிச்சிருக்குங்க. வர்ற வசந்தத்துல பார்த்துடலாம்" என்றாள். தையல்காரியான அவளுக்கே ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன சமயம் அது. வருகிற கோடைக்கு மேல் பார்வை இருக்காது என்று கண் டாக்டர் கைவிரித்துவிட்டார்.

எப்போதும் கிளை கழிப்பது அவள்தான். இந்தத் தடவை அவளுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று மகாராசன் தானே கத்தரியை எடுத்தார். முப்பது வருடம் தலை தலையாய்ப் பார்த்த கை சும்மா இருக்குமா? துருத்திக்கொண்டிருந்த குட்டைக் குச்சிகளை ஒன்று விடாமல் நறுக்கி, கொடியை மாப்பிள்ளை மாதிரி ஆக்கிவிட்டார். நேற்றுதான் நர்சரிக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அந்தக் குட்டைக் குச்சியிலதான் மொட்டே இருக்கும்."

ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது கட்டைவிரலால் கணுக் கணுவாய்த் தடவினார். ஒன்றே ஒன்று தப்பியிருந்தால் போதும், ஒரே ஒரு கொத்து. உச்சிக் கம்பி வரை போய்ப் பார்த்தார். அங்கேயும் அவர் கைவண்ணம்தான்.

மனைவி சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தாள். அவள் விரல்கள் தண்டில் ஊர்ந்து ஒரு வெட்டில் நின்றன. பிறகு அடுத்ததில், அதற்கும் அடுத்ததில்.

"யாருங்க இப்படி வெட்டினது?"

"தோட்டக்காரன்," என்றார் ஏணியிலிருந்து.

"நமக்கு ஏதுங்க தோட்டக்காரன்?"

அவர் இறங்கி வந்து மண்ணிலேயே உட்கார்ந்தார். தன் கைகளை வெட்டிப் போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. அழுகையை அடக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தேடிப் பிடித்தாள்.

"அடுத்த வருஷம் பூக்கும். என்ன நிறம்னு உங்களைத்தான் கேட்பேன். இப்ப சொன்ன மாதிரி சொல்லிடாதீங்க."